மேடவாக்கம் வழியாகப் போன சங்கிலி



சென்ற ஞாயிறு மாலை பரங்கிமலைப் படியேறினேன். மாதா கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, விமானம் இறங்குவதை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தோடு நானும் நின்றேன். மலையுச்சியில் ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. பக்கத்தில் நின்ற சிறுவன் அது யாரென்று அப்பாவிடம் கேட்டான். “யாரோ வெள்ளைக்காரர்டா” என்றார் அவர். தப்பான பதில் இல்லை. ஆனால், நம் பக்கத்துக்காரர்கள் இன்னும் கொஞ்சம் தெரிந்து வைத்திருக்க வேண்டிய வெள்ளைக்காரர் அவர்.

பெயர் வில்லியம் லாம்டன். இந்தியாவின் பெரிய முக்கோண நில அளவையைத் தொடங்கியவர். 1799 மைசூர்ப் போரில், இரவில் நட்சத்திரங்களைப் பார்த்து, “நம் படை எதிரியின் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது” என்று எச்சரித்தவர் என்று சொல்வார்கள். அளவைக்கு ஆதரவு தேடியபோது அவருக்குத் துணை நின்றவர் ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று பிரிட்டனின் பிரதமராகவும் ஆன வெலிங்டன் பிரபு அவர்தான்.

முக்கோணங்களால் நாட்டை அளக்க வேண்டுமென்றால் முதலில் ஒரே ஒரு கோட்டையாவது தரையில் பிசகில்லாமல் அளந்தாக வேண்டும். மற்றதெல்லாம் கோணமும் கணக்கும். லாம்டன் தேர்ந்தெடுத்த அந்தக் கோடு பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடைப்பட்டது. சுமார் ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். இன்றைய வரைபடத்தில் இழுத்துப் பாருங்கள்: நங்கநல்லூர், மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம், மேடவாக்கம் என்று நம் வாசகர்களின் முகவரிகளை ஒட்டியே போகும்.

வேலை தொடங்கியது 1802 ஏப்ரல் 10. சித்திரை வெயில் நெருங்கும் நேரம்! நூறடி நீள எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும். நீண்டால் கணக்குக் கெடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, உள்ளே வெப்பமானி வைத்து, ஒவ்வொரு முறையும் சூட்டைக் குறித்துக்கொண்டு கழித்துக் கூட்டினார்கள். இப்படி நூறு நூறடியாக, ஏறத்தாழ நானூறு முறை. அந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்காக பிரிட்டிஷ் தூதுக்குழு கொண்டுபோன பொருள்களில் ஒன்று அது. அங்கே அதற்கு மதிப்பில்லாமல் போகவே, இந்தியா வந்து சேர்ந்தது.

அரை கிரவுண்டு மனையில் அரையடி போய்விட்டது என்று சர்வேயரோடும் பக்கத்து வீட்டோடும் மல்லுக்கு நிற்கும் ஊர் நம்முடையது. லாம்டன் நம்மை மெச்சியிருப்பார் என்றே தோன்றுகிறது.

பெரும்பாக்கத்திலிருந்து அளவை தெற்கே கன்னியாகுமரி வரை போனது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது, கோணம் அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி மோதி உருக்குலைந்தது. வேறொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்டன் கூடாரத்துக்குள் அதைப் பிரித்துப் போட்டு, வாரக்கணக்கில் உட்கார்ந்து தாமே நிமிர்த்தினார்.

பிறகு வடக்கே நடந்தார். எழுபதை நெருங்கிய வயதில், 1823 ஜனவரி 20 அன்று, நாக்பூர் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். மகாராஷ்டிரத்தில் வார்தா பக்கத்துப் பருத்திச் சந்தை ஊர் அது. ஆதரித்த வெலிங்டன் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் பெரிய நினைவுச் சின்னத்தோடு உறங்குகிறார். அளந்தவரின் கல்லறையோ நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரை 1865-இல் உலகின் உயர்ந்த சிகரத்துக்கே சூட்டினார்கள். அந்தச் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர் ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி. சங்கிலி சுமந்தவர்கள், கொடி பிடித்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்கள் எங்கே புதைந்தார்கள் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு கல்கூட இல்லை. எனக்கு எவரெஸ்டைவிட இவர்கள்மேல்தான் பிரியம் அதிகம்.

ஏப்ரல் 10-ஐ இந்திய நில அளவைத் துறை தேசிய நில அளவை நாளாகக் கொண்டாடுகிறது. நம் ஏப்ரல் இதழில் இந்தக் கோட்டுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கலாமென்று இருக்கிறேன். பெரும்பாக்கம், மேடவாக்கம் பக்கத்துப் பழைய குடும்பங்களில், அந்தக் குன்றைப் பற்றியோ பழைய அளவைக் கற்களைப் பற்றியோ தாத்தா பாட்டி சொன்ன பேச்சு ஏதேனும் நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். பழைய புகைப்படம் இருந்தால் நகல் போதும், அசலை அனுப்ப வேண்டாம். மார்ச் முதல் வாரத்துக்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்