கையெழுத்து மட்டும் பிள்ளையுடையது

உங்கள் பையனுக்கோ பெண்ணுக்கோ தன்னம்பிக்கை இல்லை என்று கவலைப்படுகிறீர்களா? ஒரு சின்ன கணக்குப் பார்ப்போம்.

பத்தாவது முடிந்ததும் ‘கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடு’ என்றது யார்? நீங்கள். எந்த டியூஷன், எந்த கோச்சிங் சென்டர்? அதுவும் நீங்கள். 2017 வரை இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு அண்ணா பல்கலைக்கழகத்துக்கு பஸ் ஏறி வந்தோம். 2018-லிருந்து எல்லாம் ஆன்லைன். இடம்தான் மாறியது. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ‘இதையே எடுடா’ என்ற அப்பா, இன்றைக்கு வீட்டு லேப்டாப் முன்னால் அதையே சொல்கிறார். கையெழுத்து மட்டும் பிள்ளையுடையது.

இப்படி இருபது வருஷம் வளர்த்துவிட்டு, கேம்பஸ் இன்டர்வியூ வந்ததும் ‘என்ன வேலை வேணும்னு கேட்டா முழிக்கிறான் சார்’ என்று அலுத்துக்கொள்கிறீர்கள். முழிக்காமல் என்ன செய்வான்? அவனிடம் அந்தக் கேள்வியை முதல்முதலாகக் கேட்பதே அந்தக் கம்பெனிக்காரர்தான்!

‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977-ல் உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா எழுதினார். அடுத்தவர் தட்டிக்கொடுப்பதைவிட, தானே செய்து ஜெயித்த அனுபவம்தான் அதற்கு வலுவான ஊற்று என்றார். கரையில் நின்று கத்தினால் நீச்சல் வராது. தண்ணீரில் இறங்க விட வேண்டும்.

‘கடன் வாங்கிப் படிக்க வைக்கிறது நாங்கதானே?’ நியாயமான கேள்வி. வீட்டு நிலைமையை மறைக்க வேண்டாம். ‘வருஷத்துக்கு இவ்வளவுதான் நம்மால் முடியும்’ என்று ரூபாயில் சொல்லுங்கள். அது தகவல். அதை வைத்து அவர்கள் யோசிக்கலாம். ‘உனக்கெல்லாம் இது வராது’ என்பது தீர்ப்பு. பெண்ணுக்கு இன்னொரு தீர்ப்பும் தயார்: ‘பெங்களூரெல்லாம் வேண்டாம், இங்கேயே பாரு.’

அதற்காக, ‘எல்லாம் உன் இஷ்டம்’ என்று கைகழுவுவதும் சரியல்ல. கூட உட்கார்ந்து பேசுங்கள். முடிவை மட்டும் பறிக்காதீர்கள்.

தப்பான முடிவெடுத்தால்? மாற்றிக்கொள்ளலாம். 1907-ல் நிதித்துறை அதிகாரியான சி.வி.ராமன், 1917-ல் அதை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு கல்கத்தா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். நோபல் வந்தது 1930-ல். எல்லாரும் ராமன் ஆக மாட்டார்கள். ஆனால் மாற்றிக்கொள்ளும் தைரியம் எல்லாருக்கும் வேண்டும்.

இந்த லீவில் இன்டர்ன்ஷிப்பைப் பிள்ளையே தேடட்டும். தெரிந்தவருக்கு போன் போடாதீர்கள். நாலு இடத்தில் பதில் வராது. வராமல் போகட்டும். ஐந்தாவது இடத்தில் வரும் பதில் அவர்களே சம்பாதித்தது. அதை எந்த அப்பாவாலும் வாங்கித்தர முடியாது.