கிட்ஹப்பில் பச்சைக் கட்டம் வைக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

ஐடி நேர்காணலுக்குப் போய்வரும் நம் பிள்ளைகளிடம் இப்போதெல்லாம் மதிப்பெண்ணுக்கு முன்பே கேட்கிறார்கள்: “கிட்ஹப் லிங்க் இருக்கா?”

தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறோம். கிட்ஹப் என்பது நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை ஊரறிய வைத்திருக்கும் இடம். அடுத்தவர் எழுதிய திறந்த மூல மென்பொருளில் உள்ள பிழையை நீங்கள் திருத்தி அனுப்பலாம். ஏற்றுக்கொண்டால் உங்கள் பெயர் அதில் ஏறும். உங்கள் பக்கத்தில் ஆண்டின் 365 நாளுக்கும் ஒரு கட்டம் உண்டு. வேலை செய்த நாள் பச்சையாகும், செய்யாத நாள் வெளிறிக் கிடக்கும். நேர்காணல் செய்பவர் அதை ஒரு பார்வை பார்த்தே ஆளை எடை போட்டுவிடுகிறார். பச்சை அடர்த்தியாக இருந்தால் “ஆர்வமுள்ள பையன்”. வெறுமையாக இருந்தால் “பேஷன் இல்லை”.

அந்தக் கட்டத்தைப் பச்சையாக்க என்னென்ன வேண்டும்? சொந்த லேப்டாப், அறுந்துபோகாத இணையம், இரவில் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை, ஆங்கிலத்தில் முன்பின் தெரியாதவரோடு வாதாடும் துணிச்சல், எல்லாவற்றுக்கும் மேலாகக் கூலி வாங்காமல் கழிக்கக்கூடிய சில மணி நேரம். சனி ஞாயிறு கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறி செமஸ்டர் கட்டணம் கட்டுகிற பையனுக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்? மாலையில் வீடு திரும்பியதும் தண்ணீர் பிடித்து, சமைத்து, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு? இவர்களின் வெளிறிய கட்டங்களைப் பார்த்து ஆர்வம் இல்லை என்கிறார்கள்.

வண்டலூரில் ஜிஎஸ்டி சாலையை விட்டுக் கேளம்பாக்கம் சாலையில் திரும்பிப் போய்ப் பாருங்கள். கொளப்பாக்கம், இரத்தினமங்கலம், கண்டிகை, மேலக்கோட்டையூர், மாம்பாக்கம் என்று நீளும் சாலை அது. வழியெங்கும் பொறியியல் கல்லூரிகள். மேலக்கோட்டையூரில் மத்திய அரசின் ஐஐஐடிடிஎம் இருக்கிறது. அங்கே பட்டியல் சாதி மாணவர்களுக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடம் சட்டப்படி உண்டு. சாலை முடியும் இடத்தில் ஓஎம்ஆர், பக்கத்திலேயே சிறுசேரி சிப்காட். அரசு நிலம் கையகப்படுத்தி, சாலையும் மின்சாரமும் கொடுத்து உருவாக்கிய அந்த வளாகத்துத் தனியார் நிறுவனங்களில் நமக்கான ஒதுக்கீடு சுழியம். சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்து உள்ளே போகிறவர்களில் பெரும்பாலோர் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேண்டீன், வண்டி ஓட்டுதல் என்று அடையாள அட்டையின் வேறொரு நிறத்தில்தான் போகிறார்கள்.

இந்தப் பூட்டுக்குப் பெயர் ‘தகுதி, திறமை’. மண்டல் காலத்தில் நம் தலைமுறையின் முகத்தில் வீசப்பட்ட அதே சொல்தான். திறந்த மூல உலகம் அதை ‘மெரிட்டோகிரசி’ என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டது. கிட்ஹப் நிறுவனத்தின் அலுவலகத்தில் அந்தச் சொல் நெய்த விரிப்பே கிடந்தது. அந்தச் சொல் யாரை உறுத்துகிறது என்று கேள்வி எழுந்தபின் 2014இல் அதைச் சுருட்டி எடுத்தார்கள். நம் ஊரில் அந்த விரிப்பு இன்னும் சுருட்டப்படவில்லை. சென்னை ஐஐடியை ஆராய்ந்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் எழுதிய ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூலைத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சாதிச் சொத்து எப்படித் தனிமனிதத் திறமையாக உருமாறி மேடையேறுகிறது என்பதை நம் கிண்டிக்குப் பக்கத்திலிருந்தே எடுத்துக் காட்டியிருக்கிறார்.

கூலியில்லா உழைப்பின் மீது எவ்வளவு பெரிய மாளிகை நிற்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். உலகின் வங்கிகளும் வணிகத் தளங்களும் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல நிரலில் 2014இல் ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை வெளிப்பட்டது. அப்போதுதான், அந்தத் திட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர் நன்கொடைதான் வந்துகொண்டிருந்தது என்று ஊருக்குத் தெரிந்தது. இலாபம் ஒரு பக்கம், இலவச உழைப்பு இன்னொரு பக்கம். (சிலர் இதை மலக்குழி வேலையோடு ஒப்பிட்டு எழுதுகிறார்கள். அந்த ஒப்பீடு வேண்டாம். அங்கே நம் ஆட்கள் சாகிறார்கள்.)

அப்படியானால் திறந்த மூலம் நமக்கு எதற்கு, அது அவர்கள் விளையாட்டு, விட்டுத் தொலைப்போம் என்று நம் தோழர்களில் சிலர் சொல்கிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை.

ஏன் என்பதற்கு நூறு நாள் வேலைத்தளத்தைப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் அங்கே என்எம்எம்எஸ் என்ற செல்பேசிச் செயலி வழியாக வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு இருமுறை படம் எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காமல், செயலி நின்றுபோய், படம் ஏறாவிட்டால் மண் வெட்டிய உழைப்பு கணக்கில் வராது. கூலி போகும். கூலி இழப்பவர்களில் பெருந்திரளானவர்கள் நம் பெண்கள். அந்தச் செயலிக்குள் என்ன விதி எழுதியிருக்கிறது, எந்த இடத்தில் அது பதிவை நிராகரிக்கிறது என்று வெளியாள் யாரும் பார்க்க முடியாது. கல்வி உதவித்தொகை இணையதளமும் இப்படித்தான். ‘நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரு சொல் வரும். எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடவில்லை, கணினி சொல்லிவிட்டது என்பார்கள். முன்பு மணியக்காரர் திண்ணையில் நின்று கேட்டோம். இப்போது கேட்க ஒரு திண்ணைகூட இல்லை.

நிரலைத் திறந்து வைப்பது அரசுக்கு முடியாத காரியமா? 2015இலேயே ஒன்றிய அரசு, தன் துறைகள் திறந்த மூல மென்பொருளையே முதலில் பரிசீலிக்க வேண்டும் என்று கொள்கை வெளியிட்டுவிட்டது. 2020 மே மாதம், எதிர்ப்பு வலுத்தபின், ஆரோக்கிய சேது செயலியின் மூல நிரலைக் கிட்ஹப்பில் போட்டது. நகரத்து நடுத்தர வர்க்கம் தன் அந்தரங்கத்துக்காகக் கேட்டபோது திறந்தது. மண் சுமக்கிற பெண்ணின் கூலிக்காக இன்னும் திறக்கவில்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வரலாறே உண்டு. வண்டலூரில் மின்சார ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் குரோம்பேட்டை. அங்கே எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையத்திலும் சென்னை சி-டாக்கிலும் 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் தொடங்கப்பட்டது. அந்த முயற்சியில் விளைந்ததுதான் பாஸ் லினக்ஸ். அதே காலத்தில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் ஐஏஎஸ், அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றினார். மக்கள் பணம் உரிமக் கட்டணமாக வெளிநாட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டியதில்லை என்று நடைமுறையில் காட்டிய அதிகாரி அவர், நம்மவர். அதே உமாசங்கர்மீது 2010 ஜூலையில் சாதிச் சான்றிதழ் பொய் என்று குற்றம் சாட்டிப் பணியிடை நீக்கம் செய்தார்கள். கண்டனம் எழுந்து, சில வாரங்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். லினக்சுக்காகத்தான் அது நடந்தது என்று நாம் சொல்லவில்லை. அவருடைய பிற்காலப் பேச்சுகள் எல்லாவற்றோடும் நமக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் இருபதாண்டு ஆட்சிப்பணிக்குப் பிறகும் ஒரு தலித் அதிகாரியை அடிக்க எடுக்கும் முதல் கல் சாதிச் சான்றிதழாகத்தான் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு 2011இல் விலையில்லா மடிக்கணினி வந்தது. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்த அந்தத் திட்டத்தை நாம் கொண்டாடுகிறோம். சேரி வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். அதில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. லினக்சைத் திறந்து காட்ட ஓர் ஆசிரியர் இருந்த பள்ளிகள் எத்தனை? கருவியைக் கொடுத்தார்கள், கற்றுக்கொடுக்கும் ஆளுக்குச் செலவழிக்கவில்லை.

கற்றுக்கொடுத்தால் நடக்கும். விழுப்புரத்தில் விஜிஎல்யுஜி தோழர்கள் கிராமத்து மாணவர்களைக் கூட்டி வைத்து, கட்டணம் வாங்காமல், தமிழில் லினக்ஸ் சொல்லித்தருகிறார்கள். பெங்களூருவில் ஒரு குடிசைப்பகுதியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அண்ணலின் பெயரிலேயே சமூகக் கணினி மையம் நடத்தினார்கள். அந்தப் பிள்ளைகள் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் நிரலைப் பிரித்துப் பார்த்தார்கள். பிரித்துப் பார்க்கும் அந்த உரிமைக்காகத்தான் நாம் திறந்த மூலத்தை விடமாட்டோம் என்கிறோம்.

இன்னொரு செய்தியும் நம் தோழர்கள் பலருக்குத் தெரியாது. திறந்த மூலத் திட்டங்கள் பலவும் பின்பற்றும் நடத்தை விதித் தொகுப்பான ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’, 2021இல் வந்த 2.1ஆம் பதிப்பிலிருந்து பாகுபாடு கூடாத காரணங்களின் பட்டியலில் ‘சாதி’யையும் சேர்த்திருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கலிபோர்னியா அரசுத் துறை, தலித் பொறியாளர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட சாதிப் பாகுபாட்டுக்காகச் சிஸ்கோ நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்திருந்தது. சம்பளம் இல்லாத தன்னார்வலர்களின் விதியில் ஏறிய அந்தச் சொல், உங்கள் நிறுவனத்து எச்ஆர் கையேட்டில் இருக்கிறதா? வேலையில் இருக்கும் தோழர்கள் திங்கட்கிழமை திறந்து பாருங்கள். இல்லையென்றால் எழுத்துமூலமாகக் கேளுங்கள். தனியாகக் கேட்க வேண்டாம், நாலு பேராகக் கேளுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது இரண்டு. 2024இல் பட்டியல் சாதிகள், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்றே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்த நிதியிலிருந்து, திறந்த மூலத் திட்டங்களில் ஓராண்டு வேலை செய்ய நம் மாணவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வேண்டாம், பந்தி பரிமாறப் போகாமல் இருக்கப் போதுமான சம்பளம் வேண்டும். இரண்டாவது, உதவித்தொகை, கூலி, ரேஷன், பட்டா என்று நம் பிழைப்பைத் தீர்மானிக்கும் ஒவ்வோர் அரசு மென்பொருளின் மூல நிரலையும் பொதுவில் வையுங்கள். இதை மனுவாக எழுதிவிட்டோம். உதவித்தொகை இணையதளத்தின் நிராகரிப்பு விதிகளைக் கேட்டு 2005 தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பங்களும் தயாராகின்றன. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட தோழர்கள், அந்தத் திரையைப் படம் எடுத்து, தேதியோடு வைத்திருங்கள்.