கடின நீரும் சிறுநீரகக் கல்லும்

குழாயில் வெண்படலம் படிவதைக் காணும் பலர், சிறுநீரகத்திலும் அவ்வாறே கல் படியும் என அஞ்சி, நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். கடின நீரைவிட இந்த அச்சமே கேடானது என்பது என் கருத்து. போதிய நீர் அருந்தாதபோதுதான் சிறுநீர் அடர்ந்து கல் உருவாக ஏதுவாகிறது. உணவுடன் சேரும் கால்சியமோ ஆக்சலேட்டைக் குடலிலேயே பிணைத்துவிடுகிறது.

குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை ஏற்கத்தக்கது. மாற்று நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது.

உப்பிட்டு இயக்கும் மென்னீர்க் கருவி கால்சியத்தை அகற்றி, ஈடாகச் சோடியத்தைச் சேர்க்கிறது. குளிக்கவும் துவைக்கவும் அது நன்று. உயர் இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்களின் வீட்டில், குடிக்கவும் சமைக்கவும் அக்கருவி வழியே வராத தனிக் குழாய் வேண்டும்.

கல் வந்தவர்கள், மருத்துவர் நீரளவைக் கட்டுப்படுத்தியிராவிடில், நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் வெளியேறுமளவு நீர் அருந்துங்கள்.