சான்றிதழ் கேட்கும் தேசத்தில் குறிஞ்சித் திணை

சென்ற மாதம் குரோம்பேட்டையில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில், பழங்குடி வாழ்வைச் சொல்லும் நாவல் ஒன்றைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். கண் கலங்கியவர்களும் உண்டு. கூட்டம் முடிந்து தேநீர் அருந்துகையில், என்னைப் போலவே கல்லூரி ஆசிரியரான ஒருவர் சொன்னார்: "அரசு எவ்வளவோ கொடுக்கிறது சார். இவர்கள்தான் விண்ணப்பிப்பதே இல்லை." ஒருவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. அந்த மௌனத்துக்கான என் தாமதமான பதில் இது.

முதலில் அந்த 'எவ்வளவோ'. கலை அறிவியல் பட்டப்படிப்பில் சேரும் பழங்குடி மாணவருக்கு, மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டம் 2010இல் நிர்ணயித்த பராமரிப்புப் படி, விடுதியில் தங்கினால் மாதம் 570 ரூபாய்; வீட்டிலிருந்து வந்து போனால் 300. பத்தாண்டுகளுக்கு மேல் அந்தத் தொகை அசையவில்லை. கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கிறது என்பது உண்மை; 2012இல் வெளியான 92ஆம் எண் அரசாணை சுயநிதிக் கல்லூரிகளுக்கும் அதை விரிவாக்கியது. அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் 'முதலில் கட்டுங்கள், அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்' என்று சொல்லும் அலுவலகச் சன்னல்களை நம்மில் யார் பார்த்ததில்லை?

தொகை கிடக்கட்டும். அதற்கு விண்ணப்பிக்க முதலில் வேண்டியது சாதிச் சான்றிதழ். அங்கேதான் பாதை அடைபடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், செங்கல்பட்டுக்கு அப்பாலுள்ள ஓர் இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு மாணவி எங்கள் துறையில் சேர்ந்தாள். தினமும் மின்சார ரயிலில் வருவாள். குறிஞ்சித் திணையின் தினைப்புனத்தையும் வேலன் வெறியாட்டையும் அவளுக்கு நான் நடத்தினேன், நன்றாகவே எழுதினாள். அவளிடம் சான்றிதழ் இல்லை. பிற சாதியாருக்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிகிற வேலை பழங்குடியினருக்கு அப்படியல்ல. 1989 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் அவர்களுக்குச் சான்று வழங்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உரியது. நேரடி விசாரணை உண்டு. இரத்த உறவினர் எவரிடமாவது சான்று இருக்கிறதா என்பார்கள். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்கு அடிமைப்பட்டு ஊர் ஊராக அலைந்த குடும்பத்தில் எவரிடம் என்ன சான்று இருக்கும்? பள்ளிக்கூடமே காணாத தகப்பனின் பள்ளிச் சான்றைக் கேட்டார்களாம். ஓர் அலுவலர், "இருளர் என்றால் பாம்பு பிடிக்கத் தெரிய வேண்டுமே?" என்று சிரித்தாராம். நான் தமிழாசிரியன் என்பதை நிரூபிக்க வெண்பா ஒன்று பாடிக்காட்டச் சொன்னால் என் நிலை என்னவாகும் என்று யோசித்துப் பார்த்தேன்.

அவள் அலைந்த நாட்களில் வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறித்தவன் நான்தான். விதிப்படி குறித்தேன். வருகை குறைந்தால் உதவித்தொகைப் படிவத்தைக் கல்லூரி மேலே அனுப்பாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாமாண்டின் தொடக்கத்தில் அவள் நின்றுவிட்டாள். சான்றிதழ் அதன் பிறகு வந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இதற்கு ஒரு மறுவாதம் உண்டு; அது அற்பமானதுமல்ல. பழங்குடியல்லாதவர்கள் பொய்ச் சான்று பெற்று இடங்களைப் பறித்தார்கள். ஆகவேதான் 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம் மாநிலந்தோறும் கூர்ந்தாய்வுக் குழு அமைக்கச் சொன்னது. சரி. ஆனால் பொய்யன் வழக்கறிஞரோடு வருகிறான், உண்மையானவன் வெறுங்கையோடு வருகிறான். சல்லடை யாரைப் பிடித்து வைக்கிறது? தாம்பரத்தை அடுத்த படப்பையைச் சேர்ந்த ஒரு தகப்பன், பிள்ளைகளுக்கு மலைக்குறவர் என்ற சான்று கிடைக்காத துயரில் 2022 அக்டோபரில் உயர்நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து இறந்தார். நாம் நாவல் பேசிய மாடியிலிருந்து படப்பை அதிக தூரமில்லை. அவரும் 'விண்ணப்பிக்காதவர்' கணக்கில்தானே சேர்வார்?

உதவித்தொகையைத் தேடிக் கண்டுபிடிப்பது மாணவரின் வேலை என்ற எண்ணமே தவறு என்கிறேன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைக்கு, எந்தத் திட்டம், எந்த இணையதளம், ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு ஏன் என்பதெல்லாம் எப்படித் தெரியும்? சம்பளம் வாங்கும் நமக்கே தெரியவில்லை. பழங்குடி மாணவர் வெளிநாட்டில் முதுகலையும் ஆய்வும் படிக்க மத்திய அரசின் திட்டத்தில் ஆண்டுக்கு 20 இடங்கள். அவற்றில் 3, தொன்மைப் பழங்குடிகளுக்கென்று தனியே. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் உள்ள ஆறு குடிகளில் இருளரும் ஒருவர். இதை நான் தெரிந்துகொண்டதே அந்தப் பெண் போன பிறகு.

சேர்க்கை நாளிலேயே சான்றில்லாத பழங்குடி மாணவரைக் கண்டறிந்து, கல்லூரியே கோட்டாட்சியருக்குக் கடிதம் எழுதட்டும். விசாரணைக்கு ஓர் ஆசிரியர் உடன் செல்லட்டும். அந்த நாளைப் பணி நாளாகவும் வருகை நாளாகவும் கணக்கிடட்டும். இதற்குப் புதிய அரசாணை எதுவும் வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அந்த நண்பர் வருவார். நாவலைத் திறக்கும் முன் அவரிடம் கேட்கப் போகிறேன்: உங்கள் கல்லூரியில் இவ்வாண்டு எத்தனை பழங்குடி மாணவர்கள் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் சான்றிதழ் இல்லை? என் கல்லூரிக்கான விடை எனக்கும் தெரியாது. திங்கட்கிழமை அலுவலகத்தில் கேட்க வேண்டும்.