பெயர் தெரியாத தொட்டி மரம்

பட்டணத்து வீடுகளில் மட்டும் காணப்பட்டு வந்த குள்ளத் தொட்டி மரங்கள் இப்பொழுது கிராமத்து மிராசுதார் வீட்டுத் திண்ணைகளிலும் இடம் பெற்று வருகின்றன. ஜப்பான் தேசத்தார் போன்சாய் என்று வழங்கும் முறைப்படி, வேரையும் கிளையையும் அடிக்கடி கத்தரித்து, இரண்டொரு முழத்திற்கு மேற்படாமல் வளர்க்கப்பெற்ற மரங்கள் இவை. பார்வைக்கு அழகாயிருப்பதைப் பற்றி ஆட்சேபமில்லை. ஆனால், "இது என்ன மரம்?" என்று வினவினால் வாங்கியவருக்கும் தெரிவதில்லை, விற்றவருக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை. எலுமிச்சை, நாரத்தை, கமலா ஆரஞ்சு முதலியன பயிரிடும் குடியானவருக்கு இவ்வறியாமை பெருநஷ்டத்தை விளைவிக்கக் கூடியதாகும்.

வியாபாரப் பெயரை நம்புவதற்கில்லை. "புக்கியன் தேயிலை" என்று விற்கப்படும் தொட்டி மரம் தேயிலை அன்று. தென்னாட்டுப் புதர்க்காடுகளில் தானாகவே முளைக்கும் குருவிஞ்சியே அது. "ஆரஞ்சு மல்லிகை" என்பதும் மல்லிகை அன்று, அது காட்டுக்கறிவேப்பிலை. அதன் சாஸ்திரப் பெயர் முரையா பேனிகுலேட்டா. எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மல்லிகை என்று எண்ணி வாங்குகிறவர் அதை எலுமிச்சைத் தோட்டத்தின் வரப்பில் வைக்கச் சிறிதும் தயங்கமாட்டார். அபாயம் அங்கேதான் இருக்கிறது.

எலுமிச்சை இனங்களைத் தாக்கும் சில்லிட் என்னும் சிறு பூச்சிக்குக் காட்டுக்கறிவேப்பிலை மிகவும் பிரியமான உணவு. மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள அப்பூச்சி, தலையைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி இலையில் உட்கார்ந்திருக்கும். இளந்தளிரின் மடிப்புகளிலேயே முட்டையிடும். கிரீனிங் என்னும் நோயை மரத்துக்கு மரம் பரப்புவது இதுவே. நோய் கண்ட மரத்தின் இலைகள் திட்டுத் திட்டாக மஞ்சளிக்கும். காய்கள் சிறுத்துக் கோணி, பழுக்க வேண்டிய காலத்திலும் பச்சையாகவே நின்று கசக்கும். நோயுற்ற மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

இது வீண் பயமன்று என்பதற்கு அமெரிக்காவிலுள்ள புளோரிடா மாகாணமே சாட்சி. அங்கே இப்பூச்சி 1998-ம் ஆண்டில் காணப்பட்டது. கடைகளில் விற்ற காட்டுக்கறிவேப்பிலைச் செடிகளோடு அது மாகாணத்தின் பல பாகங்களுக்கும் சென்றது. 2005-ம் ஆண்டில் நோய் வெளிப்பட்டது. 2003-04-ம் பருவத்தில் ஏறக்குறைய 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு கொடுத்த அம்மாகாணம் 2022-23-ல் 1 கோடியே 58 லட்சம் பெட்டியே கொடுத்தது. புயல்களும் ஓரளவு காரணமே. எனினும் முதற்காரணம் இந்நோய்தான்.

"பூச்சி நம் நாட்டில் முன்னமே உள்ளதாயிற்றே, ஒரு தொட்டியால் என்ன கூடிவிடும்?" என்று சிலர் கேட்பர். தோட்டத்து எலுமிச்சை எப்பொழுதும் துளிர்ப்பதில்லை. துளிர் இல்லாத நாட்களில் பூச்சி முட்டையிட இடமின்றிக் குறையும். குள்ள மரமோ அடிக்கடி கத்தரிக்கப்படுவதால் அடிக்கடி துளிர்க்கின்றது. ஆகவே தோட்டம் பூச்சிக்கு இடம் மறுக்கும் காலத்திலும் தொட்டி இடம் கொடுக்கின்றது.

எனவே தொட்டி வீட்டிற்குள் வருமுன் அதன் ஜாதியை அறிதல் வேண்டும். முதலில் ஓர் இலையைக் கிள்ளிப் பார்க்க. பால் வடிந்து, காம்பின் அடியில் கொம்பைச் சுற்றி வளையத் தழும்பும் இருந்தால் அது இச்சி, ஆல் முதலியவற்றின் இனம். பால் இல்லாமல், இலை சிறிதாய்ச் சொரசொரப்பாய், நுனியில் மட்டும் பல்வெட்டுடன் இருந்தால் குருவிஞ்சியாக இருக்கலாம். ஓர் ஈர்க்கில் மூன்று முதல் ஒன்பது வரை சிற்றிலைகள் மாறி மாறி அமைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசிமுனை போன்ற எண்ணெய்ப் புள்ளிகள் தோன்றி, கசக்கினால் நாரத்தை இலையின் வாசனையை ஒத்து மணந்தால் எச்சரிக்கை வேண்டும். வெண்மையான ஐந்திதழ்ப் பூவும் சிவந்த சிறு பழமும் அது காட்டுக்கறிவேப்பிலை என்பதை உறுதி செய்யும். வீட்டுக் கறிவேப்பிலைக்குச் சிற்றிலைகள் அதிகம், பழமும் கறுப்பு.

குள்ள மரத்தில் இலை சிறுத்துவிடும்; பூப்பதும் அரிது. ஆதலால் இலையளவை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. ஐயம் தீராவிடில், பூவோ காயோ உள்ள ஒரு சாண் கொம்பைச் செய்தித்தாளின் நடுவே வைத்துப் பாரமேற்றி, தாளைத் தினமும் மாற்றி உலர்த்தி, வாங்கிய இடத்தையும் எழுதி, விவசாய அலுவலரிடமோ, கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல நிலையத்திற்கோ அனுப்பிக் கேட்கலாம். தொட்டியையே ஊர் ஊராகத் தூக்கிச் செல்லலாகாது. பூச்சியும் உடன் செல்லும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. சந்தையில் தொட்டி மரம் விற்போர் ஒவ்வொரு தொட்டியிலும் சாஸ்திரப் பெயரை எழுதிக் கட்டும்படி வற்புறுத்துதல் நலம். பெயர் சொல்லாத மரத்தை வாங்குவதில்லை என்று பத்துக் குடியானவர் தீர்மானித்தால், விற்பவர் தாமே பெயரை விசாரித்து வருவார்.

விதைநெல்லின் ரகத்தைக் கேளாமல் எவரும் நாற்றங்கால் விடுவதில்லை. அழகுக்காக வாங்கும் மரத்திற்கும் அக்கேள்வி வேண்டும். எலுமிச்சைத் தோட்டம் உடையவர் வீட்டில் காட்டுக்கறிவேப்பிலைத் தொட்டிக்கு இடமில்லை. இச்சிக்கும் குருவிஞ்சிக்கும் தாராளமாக இடமுண்டு.