குறை பிள்ளையிடமா, பள்ளிக்கூடத்திலா?



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் நம் கடைவீதிகளில் ஒரே பேச்சுதான். "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை பாய், கடையில் உட்கார வைத்துவிட்டேன்" என்பார் ஒரு தகப்பன். கேட்பவரும் தலையை ஆட்டிக்கொண்டே டீயைக் குடிப்பார். ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்கான தீர்ப்பு, அந்த டீ ஆறுவதற்குள் எழுதப்பட்டுவிடுகிறது! விசாரணை வேண்டாமா?

விசாரித்தவர்கள் இருக்கிறார்கள். மாணவனின் தேர்ச்சியைப் பள்ளிக்கூடத்தைவிட வீட்டுச் சூழலே அதிகம் தீர்மானிக்கிறது என்று 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான ஆய்வு கூறியது. அது பணக்கார நாட்டுக் கணக்கு. 1983இல் ஹெய்ன்மன், லாக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தபோது கணக்கு மாறியது. ஏழை நாடுகளில் வீட்டைவிடப் பள்ளியும் ஆசிரியரும்தான் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்றார்கள். பின்னால் வந்த சிலர் இதை மறுத்ததும் உண்டு. ஆனால் நம் தெருக்களைப் பாருங்கள். தாய்க்கு எழுத்து தெரியாது, வீட்டில் புத்தகம் இல்லை, டியூஷனுக்கு வசதி இல்லை. அந்தப் பிள்ளைக்கு அல்ஜீப்ரா வருவதென்றால் வகுப்பறையிலிருந்துதான் வரவேண்டும். அங்கே கணக்கு ஆசிரியரே இல்லையென்றால் அவன் எங்கே போவான்?

இது நம் சமுதாயத்தின் குறை மட்டுமல்ல. 'பிசா' என்ற உலகளாவிய தேர்வை 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பில் தமிழகத்தின் 15 வயது மாணவர்களும் எழுதினார்கள். 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது தமிழகம், இமாச்சலப் பிரதேசம், கிர்கிஸ்தான் மூன்றும் பட்டியலின் அடியில் கிடந்தன. நம் நாடு என்ன செய்தது? 2012 சுற்றில் கலந்துகொள்ளவே இல்லை! காய்ச்சலை மறைக்கத் தெர்மாமீட்டரை ஒளித்து வைத்த கதைதான்.

அதே 2012இல் ஏழை நாடான வியட்நாம் முதன்முறையாக எழுதியது. கணிதத்தில் வியட்நாம் 511, வல்லரசான அமெரிக்கா 481! படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகள் அங்கும் ஏராளம், அவர்கள் தேர்வு எழுதவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் பள்ளியில் இருந்தவர்களுக்குப் பாடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. வறுமை ஒன்றே காரணம் என்று கைகழுவ முடியாது.

வியாபாரப் பெருமக்களே! ஜூன் மாதம் வந்தால் நோட்டுப் புத்தகம் வழங்கும் விழா நடத்துகிறீர்கள். நல்ல மனது, மறுக்கவில்லை. ஆனால் 1990களில் கென்யாவின் பூசியா பகுதியில் நடந்ததைக் கேளுங்கள். பள்ளிகளுக்கு இலவசமாகப் பாடநூல்கள் கொடுத்தார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்கள் மட்டுமே மேலும் முன்னேறினார்கள். காரணம், புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி! வாசிக்கத் தெரியாதவன் கையில் புத்தகம் இருந்தென்ன? ஆங்கில மீடியம் என்று பெயர்ப்பலகை வைத்தாலே போதும் என்று நினைக்கும் நம் நிர்வாகிகளும் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

கட்டடத்திற்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும். ஆசிரியர் சம்பளத்திற்குக் கொடுத்தால் பெயர் வராது. அதனால்தானோ என்னவோ, வளைவும் வாசலும் பளபளக்கும் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியர் வருடத்திற்கு ஒருவராக மாறிக்கொண்டிருக்கிறார். ஜவுளிக்கடைச் சிப்பந்தியின் சம்பளத்தைவிடக் குறைவாகக் கொடுத்தால் எந்தப் பட்டதாரி தங்குவார்?

இளைஞர்களே, உங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு, ஆங்கிலம், அறிவியல் இடங்கள் நிரம்பியிருக்கின்றனவா? தலைமை ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். காலி என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். இடம் நிரம்பும் வரை பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் ஒருவரை நியமிக்க வழி உண்டா என்றும் கேளுங்கள். உண்டென்றால் அவருக்குப் பத்து மாதச் சம்பளம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து நின்று அந்தத் தொகையைச் சொல்லுங்கள். விழா மேடைக்கும் பந்தலுக்கும் ஆகும் செலவையும் பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள்.