ரேக்குக்கும் கூலி, கண்ணுக்கும் கூலி

தஞ்சாவூர் ஓவியத்தை இணையத்தில் விற்கும் பலர், அடுத்தவர் போட்ட விலையைப் பார்த்துக் கொஞ்சம் குறைத்துப் போடுகிறார்கள். அந்தக் குறைப்பு ஓவியரின் கூலியில்தான் விழுகிறது.

பலகையில் துணி ஒட்ட வேண்டும், சுண்ணப்பொடிக் கலவையால் மேடு எழுப்ப வேண்டும், கல் பதித்துத் தங்க ரேக்கு ஒட்ட வேண்டும். கடைசியில்தான் கண் திறப்பது. இத்தனை நாள் உழைப்புக்கும் கூலி போட்டு, பொருள் செலவைச் சேர்த்த பிறகே விலை சொல்ல வேண்டும்.

சதுர அங்குலக் கணக்கு நல்ல தொடக்கம்: 12க்கு 10 என்றால் 120 சதுர அங்குலம். ஆனால் ரேக்கு நிறைந்த கிருஷ்ணருக்கும் குறைந்த படத்துக்கும் ஒரே வீதம் நியாயமல்ல.

எட்ஸி என்ற இணைய விற்பனைத் தளம் விலையில் 6.5 சதவீதம் பிடிக்கிறது, அனுப்பும் கட்டணத்துக்கும் சேர்த்து. அதையும் முன்கூட்டியே விலையில் ஏற்றிவிட வேண்டும். நேரில் வருபவருக்கும் அதே விலைதான் சொல்ல வேண்டும்.